யார் தெருவிலும் யாரும் மாவு விற்கலாம்

நம் மாவு விற்பவர்கள் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். உளுந்து எவ்வளவு நேரம் ஊற வேண்டும், பனிக்காலத்தில் மாவு பொங்காவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அது கைக்குத் தானாக வந்துவிடும். வராவிட்டால் வீட்டுக்கு வாருங்கள், பக்கத்தில் நின்று காட்டுகிறேன். அதை எழுதிப் புரியவைக்க முடியாது.

நான் சொல்ல நினைப்பது வேறு. மாவு ஆட்டி விற்கிற எல்லாருக்கும் ஒரு நாள் வரும். உங்கள் தெருவிலேயே ஒருத்தி கிரைண்டர் வாங்கிப் போடுவாள். நேற்றுவரை உங்களிடம் வாங்கியவர்கள் உங்கள் வாசலைத் தாண்டிப் போய் அவளிடம் வாங்குவார்கள். அந்த நேரத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். அப்படி ஒரு முடிவை நான் எடுத்தேன். அதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொண்டார்கள். நான் நினைத்தது மட்டும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

எனக்கும் என் சிநேகிதி தங்கமணிக்கும் வீட்டுக்காரர்கள் ஒரே மில்லில் வேலை பார்த்தார்கள். மில்லை மூடியபோது இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் அடுப்பு தடுமாறியது. அவள் முதலில் மாவு ஆட்டினாள். அடுத்த மாதம் நானும் ஆரம்பித்தேன். சரவணம்பட்டியில் அப்போது பாதி இடம் சோளக்காடு. அவளுக்கு ஒரு தெரு, எனக்கு அடுத்த தெரு. அவள் கிரைண்டரில் மோட்டார் புகைந்தால் ஊறிய அரிசியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருவாள். என் வீட்டில் கரண்ட் போனால் நான் அங்கே போவேன். யார் அரிசி, யார் கிரைண்டர் என்று நாங்கள் பிரித்துப் பார்த்ததில்லை.

தெருவை மட்டும் பிரித்துக்கொண்டோம். நாங்கள் இருவர் மட்டுமில்லை, எல்லாருமே. ஒரு தெருவில் ஒருத்தி மாவு விற்றால் அந்தத் தெரு அவளுடையது. இன்னொருத்தி அங்கே விற்க வேண்டுமென்றால் அவளிடம் கேட்க வேண்டும். சண்டை வராமல் இருக்க ஏற்பட்ட பழக்கம் அது. நல்ல பழக்கம்தான். சங்கம் என்று ஒன்று வந்த பிறகு அவளிடம் கேட்பது போய்ச் சங்கத்தில் கேட்பது என்றாகியது. மெல்ல மெல்ல அது சட்டம் போல ஆகிவிட்டது.

சோளக்காடெல்லாம் ஐ.டி. கம்பெனிகளாகவும் விடுதிகளாகவும் ஆன பிறகு, தங்கமணியின் தெருக்கோடியில் ரோஸ்லின் என்ற பெண் மாவு விற்க ஆரம்பித்தாள். அவள் வெளியூரிலிருந்து வந்தவள் இல்லை. அவள் வீடே அந்தத் தெருவில்தான். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அதே சோளக்காடுகளில் கூலிக்குக் களை எடுத்தவர்கள். அதே இடத்தில் எழும்பிய கட்டடத்தில் அவள் தரை துடைத்தாள். காண்டிராக்டர் மாறியதும் வேலை போய்விட்டது. பழைய கிரைண்டர் ஒன்று வாங்கி வாசலில் மேசை போட்டாள். சங்கத்தில் கேட்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது.

அவள் ஒன்று செய்தாள். விடுதியில் இருக்கும் பெண்களுக்கு இரண்டு தோசைக்குத்தான் மாவு வேண்டும். நாங்கள் எல்லாரும் பெரிய கரண்டியில் அள்ளிப் போட்டுப் பழகியவர்கள். இவள் இரண்டு தோசைக்கு அளவாகச் சின்னச் சின்னக் கவரில் கட்டி வைத்தாள். விடுதி மொத்தமும் அவளிடம் போய்விட்டது. தங்கமணியிடம் மாவு மிஞ்ச ஆரம்பித்தது. மறுநாளுக்கு அது புளித்துவிடும். அதை அவள் பக்கத்து வீட்டு மாட்டுத் தொட்டியில் ஊற்றுவதை நான் ஒரு காலையில் பார்த்தேன். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ஊற்றினாள். ஆட்டிய கைக்குத்தான் அது எப்படி இருக்கும் என்று தெரியும்.

அந்த மாதம் சமுதாயக் கூடத்தில் சங்கக் கூட்டம் நடந்தது. நான் எப்போதும் போலக் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். தலைவியக்கா நேராக விஷயத்துக்கு வந்தார்.

"தங்கமணி தெருவுல நடக்கறது எல்லாருக்கும் தெரியும். அந்தப் புள்ளைக்கு லைசென்சு கெடையாது. சுகாதார ஆபீசுல ஒரு புகாரு குடுத்தாப் போதும், வந்து பூட்டிப்போட்டுப் போயிருவாங்க. அப்பறம் கவருல அடைச்ச மாவ வித்துட்டுப் புதுசா வருதே, அந்தக் கம்பெனி வண்டி. அதையும் நம்ம ஏரியாவுக்குள்ள உடாம நிறுத்தோணும். கவுன்சிலர்கிட்டப் பேசிக்கலாம். எல்லாருக்கும் சம்மதந்தானுங்களே?"

நம் சங்கத்தில் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று அர்த்தம். எல்லாரும் பேசாமல் இருந்தார்கள். முன்வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

"அவிய ஊட்டு மாவ யாருங்க வாங்கித் திம்பாங்க? பூட்டலீன்னாலும் தானாப் படுத்துரும்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். நான் எழுந்து நின்றேன்.

"எனக்குச் சம்மதமில்லீங்க" என்றேன்.

"யாரது பேசுனது?"

"நம்ம சரசக்காங்க!"

"சரசக்கா வாயத் தொறந்துட்டாங்களா? துணியெல்லாம் காயப்போட்டுட்டு வந்தனே, மழை வந்துருமே!"

கூடம் முழுக்கச் சிரித்தது. சிரித்து முடியட்டும் என்று நின்றேன். உட்கார்ந்துவிடலாமா என்றும் இருந்தது.

"யாருமே வாங்க மாட்டாங்கன்னா பூட்டு எதுக்குங்க? வாங்கறாங்கன்னுதானுங்களே பூட்டச் சொல்றோம்? மாவு கெட்டிருந்து ஒருத்தருக்கு வயித்துக்கு ஆகலீன்னா நானே முன்னால போயிப் புகாரு குடுக்கறேன். நல்லா ஆட்டி நல்லா விக்கறவளப் பூட்டுங்கன்னு என்னால சொல்ல முடியாதுங்க. நம்மளும் யாரையும் கேட்டுப்போட்டு ஆரம்பிக்கலீங்க. லைசென்சு நம்மள்லயும் பாதிப் பேருத்துக்குக் கெடையாதுங்க. கம்பெனி வண்டியும் வந்துட்டுப் போகட்டும். எது வேணும்னு வாங்கறவங்க பாத்துக்குவாங்க."

வாழ்நாளில் நான் கூட்டத்தில் பேசியது அவ்வளவுதான். உட்காரப் போகும்போது தங்கமணி திரும்பிப் பார்த்தாள்.

"ஏஞ்சரசு, என்ற பொழப்புப் போறது உன்ற கண்ணுக்குத் தெரியலியா?"

"தெரியுது தங்கமணி."

"தெரிஞ்சுமா?"

பதில் இருந்தது, ஆனால் அத்தனை பேர் முன்னால் வாய்க்கு வரவில்லை.

ஒருத்தர் முடியாது என்றால் விஷயத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளுவது நம் வழக்கம். தலைவியக்கா முணுமுணுத்துக்கொண்டே தள்ளி வைத்தார். தங்கமணி என்னோடு சேர்ந்து வீட்டுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு பேசவும் இல்லை.

பிள்ளைகளே, நீங்கள் ஒன்றைத் தடுக்க வேண்டாம் என்று சொல்லும்போது, கேட்கிறவர் காதில் அது அப்படியே விழாது. ரோஸ்லினைத் தடுக்க வேண்டாம் என்றேன். தங்கமணி அழிந்தால் அழியட்டும் என்று அவள் காதில் விழுந்தது. கம்பெனி வண்டியைத் தடுக்க வேண்டாம் என்றேன். கம்பெனிக்காரனிடம் கை நீட்டிவிட்டாள் என்று சங்கத்தின் காதில் விழுந்தது. ரோஸ்லின் காதில் விழுந்தது இன்னொன்று. அவள் மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அக்கா, எனக்காகப் பேசுனீங்களாமா."

"உனக்காகன்னு பேசலீ கண்ணு. உன்ற எடத்துல யாரு இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்."

அவள் முகம் வாடியதைப் பார்த்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் பொய் சொல்ல முடியுமா? அவள் பக்கம் நின்று, தங்கமணிக்கு எதிராகப் பேசியதாக நான் நினைக்கவே இல்லை. உள்ளே கூப்பிட்டுக் காப்பி வைத்துக் கொடுத்தேன். சின்னக் கவர் கட்டுகிற விதத்தைச் சொல்லித் தரச் சொன்னேன். அப்போதுதான் கொஞ்சம் சிரித்தாள்.

அந்த வாரமே கம்பெனிக்காரத் தம்பி வந்தார். அவர்களுடைய வண்டி, பக்கவாட்டில் பெரிய இட்லிப் படம் போட்டது, என் வாசலில் நின்றது. தெருவே எட்டிப் பார்த்தது. தம்பி கையில் பெரிய மிட்டாய்ப் பெட்டி, மேலே பட்டு நாடா.

"வணக்கங்கம்மா. எங்க வண்டிய நிறுத்தக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்களாமா. உங்களாட்ட நாலு பேரு இருந்தா ஊரு முன்னேறிருமுங்க."

உட்காரச் சொன்னேன். அடுத்த வாரம் ஆர்.எஸ்.புரத்தில் அதிகாரிகள் வருகிற கூட்டம் ஒன்று இருக்கிறது என்றார். இயந்திரத்தில் மூடி ஒட்டிய கவரில், பரிசோதனைச் சான்றிதழோடு இருக்கிற மாவை மட்டும்தான் விற்கலாம் என்று ஒரு விதி கொண்டுவரச் சொல்லி அவர்கள் கேட்கப் போகிறார்களாம். நான் மேடையில் ஏறி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டுமாம்.

"அப்பிடி விதி வந்தா நாங்க விக்க முடியாதுங்களே தம்பி?"

"உங்களுக்கெல்லாம் நாங்களே வேலை குடுத்துர்றோமுங்கம்மா. போட்டி நல்லதுன்னு சொல்றவங்க நீங்க. உங்களுக்குப் புரியாததா?"

"போட்டின்னா நாங்களும் ஓடோணுமில்லீங்களா? எங்க காலக் கட்டிப்போட்டுட்டு நீங்க மட்டும் ஓடுனா எப்பிடிங்க?"

"இது சுத்தம் சம்பந்தப்பட்டதுங்கம்மா."

"கெட்ட மாவு வித்தா யாரா இருந்தாலும் தண்டிக்கட்டுமுங்க. நீங்க கேக்கறது சுத்தமில்லீங்க தம்பி, வேலி. உங்க வண்டிய நிறுத்தாதீங்கன்னு எங்காளுகளுக்குச் சொன்னேன். எங்க கிரைண்டர நிறுத்தாதீங்கன்னு உங்களுக்குச் சொல்றேன். ரெண்டும் ஒண்ணுதானுங்க."

அந்தத் தம்பி கெட்ட பிள்ளை இல்லை. உண்மையாகவே குழம்பிப்போனார்.

"நீங்க எங்க பக்கம்னு நெனச்சுட்டு வந்தேனுங்கம்மா."

"எல்லாரும் அப்பிடித்தான் நெனைக்கறாங்க சாமி. அந்தப் பெட்டிய எடுத்துக்குங்க. எங்கூட்டுக்காரருக்குச் சக்கரை. கண்ணுல பட்டா ராத்திரிக்குள்ள காலி பண்ணிப்போடுவாரு."

பெட்டியைத் திருப்பிக் கொடுத்ததை யாரும் பார்க்கவில்லை. வண்டி வந்து நின்றதை எல்லாரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு சங்கத்தில் எனக்குக் கம்பெனி சரசு என்று பெயர் விழுந்தது.

என் தெருவில் புதிதாக வந்த அடுக்குமாடியில் ஒரு காலேஜ் வாத்தியார் இருந்தார். சாயந்திரம் தூக்குப்போசியோடு மாவு வாங்க வருவார். நடந்ததைக் கேள்விப்பட்டு அவருக்கு ஒரே சந்தோஷம்.

"அம்மா, உங்க எண்ணத்துக்கு ஒரு பேரே இருக்குதுங்க. லிபர்டேரியன்னு சொல்லுவாங்க."

"என்னுங்க சார், கெட்ட காய்ச்சலாட்ட இருக்குது பேரு."

விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு விளக்கமாகச் சொன்னார். ஒருத்தர் இன்னொருத்தரை அடிக்காமல், ஏமாற்றாமல் தன் பிழைப்பைப் பார்க்கும்வரை அதில் சர்க்காரும் கை வைக்கக் கூடாது, வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்கிறவர்களாம். தெருவுக்கு நாங்கள் போடுகிற வேலியைத்தான் நாடுகளும் போட்டுக்கொள்கின்றனவாம். வெளிநாட்டுச் சரக்கை உள்ளே விடாதே, வரியைப் போடு, தடையைப் போடு என்று. எனக்கு நாடுகளைப் பற்றித் தெரியாது. ஆனால் அவர் சொன்னது எங்கள் கூட்டம் போலவேதான் இருந்தது.

"அதனால மனசு தளராதீங்க. உங்க சிநேகிதி யாவாரம் படுத்தாப் படுக்கட்டும். சந்தைன்னா அப்பிடித்தானுங்க."

மாவு அள்ளிய கரண்டி அப்படியே நின்றுவிட்டது. சங்கம் திட்டியபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

"அப்பிடிச் சொல்லாதீங்க சார். அவ படுத்தா எனக்கு என்ன சந்தைங்க? தடுக்கக் கூடாதுன்னு சொன்னா, கையக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்கோணும்னு அர்த்தமுங்களா?"

வாத்தியார் தனக்குப் பின்னால் நின்ற பெண்ணுக்கு முதலில் கொடுக்கச் சொன்னார். அவள் போன பிறகு சொன்னார்.

"எங்க அண்ணனுக்கு ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புங்கம்மா. தேங்காய் வெலை உழுந்தப்ப, வெளிநாட்டுப் பாமாயில உள்ள உடாம நிறுத்தோணும்னு ஊரே சேந்து கேட்டுச்சு. நிறுத்துனா ஏழைபாழை எண்ணெய்க்கு என்ன பண்ணுவாங்க, அது சரியில்லைன்னு நான் ஒரு பத்திரிகையில எழுதுனேன். தம்பியே நான் நாசமாப் போகோணும்னு நெனைக்கறான்னு சொல்லிட்டாரு. அதுக்கப்பறம் எங்கூட்டுப் பக்கம் வர்றதில்லைங்க."

"நீங்க அவிய ஊட்டுக்குப் போனீங்களா சார்?"

"போயி என்னன்னு சொல்றது? நான் எழுதுனது தப்பில்லையே."

"தப்புன்னு சொல்லச் சொல்லலீங்க. எப்பிடி இருக்கேண்ணான்னு கேக்கலாமில்லீங்களா?"

அவர் போசியை மூடிக்கொண்டு போனார். அவரிடம் நான் சொன்ன வார்த்தை எனக்கே சொன்னது போல இருந்தது. நான் சொன்னது சரி என்ற ஒரு எண்ணத்தோடே நானும் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சரியாக இருப்பது பெரிய காரியமில்லை. கேட்டவளுக்கு வலித்திருக்கிறது, அவளிடம் போக வேண்டும். கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு உடனே தங்கமணி வீட்டுக்கு நடந்தேன்.

அவள் வாசலில் மேசை இருந்தது, மாவுக்குண்டா இருந்தது, வாங்க யாரும் இல்லை. என்னைப் பார்த்ததும் குண்டாவை மூடினாள்.

"வாங்க, கம்பெனி சரசம்மா. வண்டியில வரலீங்களா?"

'ங்க' போட்டுப் பேசினாள். எங்களுக்குள் அப்படிப் பேசினால் அது அடிப்பதைவிட மோசம்.

"தங்கமணி, நீ எப்பிடி இருக்கேன்னு பாக்க வந்தேன்."

"பாத்தாச்சுங்களா? நல்லா இருக்கனுங்களா? ஊரான் தெருன்னா பேசறதுக்கு என்னங்க. யாரு வேணும்னாலும் வந்து விக்கட்டும்னு வாய்ல வருது. உங்க தெருவுல ஒருத்தி வந்து குந்தட்டும், அப்பத் தெரியும் உங்க ஞாயம்."

அவள் சொன்னது நியாயம். நான் தோற்றால் என்ன, ஜெயித்தால் என்ன என்று எதுவும் யோசிக்கவில்லை. சட்டென்று வந்துவிட்டது.

"வா. நீயே வா. எங்க தெருவுல அடுக்குமாடி வந்திருக்குது. எங்கூட்டுக்கு எதிரால மரத்தடியில மேசையப் போடு."

"பேச்சுக்குச் சொல்றீங்க."

"வந்து பாரு."

மறுநாள் சாயந்திரம் அவள் வந்துவிட்டாள். என்னைச் சோதிக்கத்தான் வந்தாள், அது எனக்கும் தெரியும். வேப்பமரத்தடியில் மேசையைப் போட்டு, குண்டாவை வைத்து, என் வாசலை நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சொல்வது வேறு, எதிரே உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது வேறு. முதல் ஆளாக அவளிடம் போனது வாத்தியாரின் வீட்டுக்காரம்மா. வாத்தியார் பின்னாலேயே நின்று, என்னைப் பார்த்து என்ன செய்வது என்று கையை விரித்தார். ஒவ்வொருத்தராகத் தெருவைக் கடக்கும்போது நான் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டு மூன்று நாளில் என் குண்டாவிலும் மாவு மிஞ்சியது. என் பையன் கோபித்துக்கொண்டான். "ஏம்மா, உங்களுக்கு என்ன கெரகம் புடிச்சிருக்குது? நீங்களே கூட்டியாந்து உக்கார வெச்சீங்களா?" என்றான்.

அப்போதுதான் தலைவியக்கா வந்தார். மரத்தடியைக் காட்டிச் சத்தமாகவே கேட்டார்.

"சரசக்கா, இப்பச் சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தை. தங்கமணிய இப்பவே அவ தெருவுக்கு அனுப்பிப்போடறேன். அப்பிடியே அந்தப் புள்ளையையும் பூட்டிரலாம். எல்லாம் பழையபடிக்கு ஆயிரும்."

எதிரே தங்கமணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். பிள்ளைகளே, அவசரத்தில் முடிவெடுப்பது என்றால் எனக்கு அந்த நேரம்தான் நினைவுக்கு வருகிறது. கூட்டத்தில் பேசியது சுலபம். அப்போது நஷ்டம் வேறொருத்திக்கு. இப்போது என்னுடையது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் தெரு எனக்குத் திரும்பக் கிடைக்கும்.

"வேண்டாங்கக்கா. அவ இருக்கட்டும்" என்றேன்.

"உங்களத் திருத்த முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அவர் போன பிறகு தங்கமணி திரும்பக் கரண்டியை எடுத்தாள். நான் என் வேலையைப் பார்த்தேன். அடுக்குமாடிப் பெண் ஒருத்தி பணியாரம் சுட மாவு கேட்டாள். தங்கமணி உளுந்து கொஞ்சம் குறைத்து, வெந்தயம் தூக்கலாகப் போடுவாள். பணியாரத்துக்கு அவள் மாவுதான் சரியாக வரும். "எதிரால இருக்கறாங்களே, அவிய மாவு வாங்கிச் சுட்டுப் பாருங்க" என்று அனுப்பினேன். இன்னொருத்தியையும் அனுப்பினேன். அதில் பெருந்தன்மை ஒன்றுமில்லை. கேட்கிறதற்கு எது பொருத்தமோ அதைத்தானே சொல்ல வேண்டும்?

இரண்டாவதாகப் போனவள் அதைத் தங்கமணியிடம் சொல்லிவிட்டாள் போல. தங்கமணி தெருவைக் கடந்து வந்தாள்.

"உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குதா சரசு? உன்ற யாவாரத்த நீயே என்ற பக்கம் ஓட்டி உடறே?"

'ங்க' போய்விட்டது. அதுவே எனக்குப் பாதி உயிரைக் கொடுத்தது.

"தடுக்கக் கூடாதுன்னுதான் தங்கமணி சொன்னேன். உன்ற கூட நிக்க மாட்டேன்னு எப்பச் சொன்னேன்?"

"அத அன்னைக்கே கூட்டத்துல சொல்லித் தொலைச்சா என்னாவாம்?"

"வாய்க்கு வரலீ."

"வராது. உனக்கு எப்ப வந்துச்சு?"

சொல்லிவிட்டு என் வாசற்படியில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, "அந்த ஊட்டுக்காரி பணியாரக்கல்லே இல்லாம பணியாரம் சுடறாளாம். சட்டியிலயா ஊத்துவா?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அதற்குள் அவள் மேசையில் ஆள் வந்து நின்றது. எழுந்து ஓடினாள்.

அடுத்த கூட்டத்தில் தலைவியக்கா தங்கமணியையே கேட்டார். பாதிக்கப்பட்டவள் அவள், அவள் சொல்வதுதான் முடிவு என்றார். தங்கமணி எழுந்தாள். அவள் என்னைப் போல இல்லை, கணீரென்று பேசுவாள்.

"அந்தப் புள்ளை அங்கயே விக்கட்டுமுங்க. நான் இப்பச் சரசு தெருவுல குந்தியிருக்கறேன். அவ என்னைய ஒரு வார்த்தை கேக்கலீங்க. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் போயி ரோஸ்லினத் தடுக்கறது? ஆனா ஒண்ணுங்க. சரசு மாவவிட என்ற மாவுதான் நல்லா இருக்கும். அதையும் மினிட் நோட்டுல எழுதிக்குங்க."

கூடம் சிரித்ததில் புகார் விஷயம் அப்படியே போய்விட்டது. கம்பெனி வண்டி விஷயமும் அதோடு நின்றது. அதிகாரிகள் கூட்டத்தில் அந்த விதியும் வரவில்லை என்று பிறகு தெரிந்தது. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியாது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நீங்கள் நினைத்துக்கொள்ளக் கூடாது. என் வியாபாரம் பழைய அளவுக்குத் திரும்பவே இல்லை. தங்கமணிக்கு விடுதிப் பெண்கள் திரும்பி வரவில்லை. அவள் பணியார மாவு, அடை மாவு, ராகி மாவு என்று மாறிக்கொண்டாள். மாறுவதற்குள் ரொம்பக் கஷ்டப்பட்டாள். அந்த நாட்களில் அவளுக்கு அடுக்குமாடிகளில் ஆள் பிடித்துக் கொடுத்தது நானும், சின்னக் கவர் கட்டக் கற்றுக்கொடுத்தது ரோஸ்லினும். தலைவியக்கா கடைசிவரை நான் கம்பெனியிடம் ஏதோ வாங்கியதாகத்தான் நம்பினார். வாத்தியார் அடுத்த பொங்கலுக்கு ஆனைமலை போனார். அண்ணன் பாமாயிலைப் பற்றி இன்னும் திட்டுகிறாராம், ஆனால் ஒரு மூட்டைத் தேங்காய் கொடுத்து அனுப்பினார். அதில் எனக்கும் கொஞ்சம் வந்தது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். யாரையும் தடுக்கச் சொல்லி ஆபீசுக்கோ கவுன்சிலரிடமோ ஓடாதீர்கள். தடுக்கிற அதிகாரத்தை ஒருத்தர் கையில் கொடுத்தால் அது நாளைக்கு யார் வாசலுக்கு வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளவும் கூடாது. யாருக்கு அது வலிக்கிறதோ அவள் வீட்டுக்கு நடந்து போக வேண்டும். இந்த இரண்டாவது பாதியை நாம் செய்யாமல் விட்டால், முதல் பாதியை யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாததில் தப்பும் இல்லை.

கிரைண்டரை மருமகளிடம் விட்ட பிறகு நான் கடைசியாகப் போன கூட்டத்தையும் சொல்லி முடிக்கிறேன். இப்போது கூட்டத்தில் கை தூக்கித்தான் முடிவெடுக்கிறார்கள். ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த குடும்பம் ஒன்று ரோஸ்லினின் பக்கத்துத் தெருவில் மாவு விற்க ஆரம்பித்திருந்தது. அதை நிறுத்தச் சொல்லிப் புகார் கொடுக்கலாமா என்று கேள்வி. நாலைந்து கைகள் உயர்ந்தன. அதில் ரோஸ்லினின் கையும் ஒன்று.

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அவள் வாசலைத் தாண்டியும் ஆட்கள் போயிருப்பார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் எழுந்து பேசலாமா என்று பார்த்தேன், வழக்கம் போல வாய்க்கு வரவில்லை.

ரோஸ்லினுக்குப் பக்கத்தில் தங்கமணி உட்கார்ந்திருந்தாள். தூக்கியிருந்த அந்தக் கையைப் பிடித்து, மெல்லக் கீழே இறக்கி, தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கை வலிக்குங் கண்ணு. எறக்கிக்க. கூட்டம் முடியட்டும், நம்ம ரெண்டு பேரும் அந்த ஒடிசாக்காரப் புள்ளைய ஒரு எட்டுப் பாத்துப்போட்டு வந்துரலாம்."